பக்கத்து வீட்டுப் பாட்டி கொடுத்த குவில்ட்: துவைக்கும் முன் திருப்பிப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக்கு வந்து கொஞ்ச காலமே ஆன ஒரு தங்கை கேட்டிருக்கிறார். வீட்டை விற்றுவிட்டு ஒஹாயோவில் மகளோடு போய் இருக்கப்போகிற பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி, "என் பாட்டி தைத்தது" என்று ஒரு பழைய ஒட்டுத்துணிப் போர்வையை, இங்கே குவில்ட் என்பார்கள், கையில் கொடுத்திருக்கிறார். சின்னச் சின்னப் பூத்துணித் துண்டுகள், ஒன்றோடொன்று கோத்த வளையங்கள், வளைந்து வளைந்து போகிற ஓரம், நடுவில் ஒரு பழுப்புக் கறை. வீடியோ காலில் அதைப் பார்த்த மாமியார், யாரோ போர்த்திய கந்தலை எதற்கு வீட்டுக்குள் விட்டாய் என்று கேட்கிறாராம். வாஷிங் மெஷினில் போடலாமா, விலை போகுமா, பதிலுக்கு என்ன கொடுப்பது, இவ்வளவுதான் கேள்வி.

மெஷினில் போடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் சொல்கிற வளைய அமைப்புக்கு இங்கே டபுள் வெடிங் ரிங் என்று பெயர். 1930களில் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு தைத்த மாதிரிகளில் ஒன்று, கல்யாணப் பரிசாகவும் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டிக்கு 80 வயதுக்கு மேல் இருந்தால், அவருடைய பாட்டி தைத்தது என்பதும் கணக்குக்கு ஒத்துவருகிறது. படம் பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், சுத்தமான விரிப்பு போட்ட கட்டிலில், பின்பக்கம் மேலே வரும்படி விரியுங்கள். பின்துணியிலோ, முன்பக்கம் ஏதாவது ஒரு துண்டிலோ, சம இடைவெளியில் வரிசையாக, நூல் இல்லாமல் வெறும் ஊசித் துளைகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அந்தத் துணி அநேகமாக மாவு மூட்டை அல்லது கோழித்தீவன மூட்டையாக இருந்தது. மூட்டையைச் சங்கிலித் தையலில் கெட்டி நூலால் தைத்திருப்பார்கள், பிரித்த பிறகு அந்தத் துளைகள் துவைத்தாலும் லேசில் மூடாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூட்டைக் கதைதான். பெண்கள் காலி மூட்டையில் உடுப்பு தைக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட மாவு, தீவனக் கம்பெனிகள், பூப்போட்ட துணியிலேயே மூட்டை போட்டு விற்க ஆரம்பித்தன. கம்பெனிப் பெயரைத் துணியில் அச்சடிப்பதை விட்டுவிட்டு, ஊறவைத்தால் உரிந்து வருகிற தாளில் அச்சடித்து ஒட்டின. 100 பவுண்டு மூட்டையைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்கு மேல் துணி, மூன்று மூட்டை சேர்ந்தால் ஒரு பெண்ணுக்கு கவுன், மிச்சம் விழுந்த துண்டெல்லாம் குவில்ட். ஒரே பூவில் மூன்று மூட்டை கிடைக்க வேண்டுமே, அதனால் தீவனம் வாங்கப் போகிற கணவனிடம் துணி மாதிரியைக் கொடுத்து, இதே பூவாகப் பார்த்து எடுத்து வா என்று அனுப்பியிருக்கிறார்கள். அந்த மனிதர் மூட்டைக் குவியலுக்கு நடுவே நின்று அடியில் இருக்கிற மூட்டையைக் கேட்டுக் கடைக்காரரிடம் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

துளை இல்லாவிட்டாலும் தையலைப் பாருங்கள். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என்று மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது வெறும் ஓட்டுத்தையல்தான். கை தேர்ந்தவர் தைத்ததென்றால் ஓர் அங்குலத்தில் எட்டு, பத்து தையல்வரை எண்ணலாம், முடிச்சு எங்கேயும் கண்ணில் படாது, நூலைச் சுண்டி இழுத்து முடிச்சைப் பஞ்சுக்குள் புதைத்துவிடுவார்கள். துண்டுகளை இணைத்த தையல் மட்டும் மெஷின் தையலாக இருந்தால், இது பழசே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். 1850களிலிருந்தே இங்கே வீடுகளுக்குத் தையல் மெஷின் வர ஆரம்பித்துவிட்டது, வாங்கியவர்கள் அதைப் பெருமையாகவே பயன்படுத்தினார்கள்.

இனி உங்கள் மாமியார் விஷயம். ஒட்டுப் போட்ட துணி என்றால் இல்லாமை என்று நம் ஊரில் மனதில் பதிந்துவிட்டது, அவரைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்கர்களே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், முதலில் கப்பலில் வந்து குடியேறிய ஏழைப் பெண்கள் கந்தலைச் சேர்த்துக் குளிருக்குத் தைத்தார்கள் என்று அழகாகக் கதை சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. ஆரம்ப காலத்துக் குவில்ட் என்று இன்றைக்கு மியூசியத்தில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் வசதியான வீட்டுச் சாமான். துணி விலை உயர்ந்தது, உட்கார்ந்து தைக்க நேரம் வேண்டும், தெற்கு மாநிலங்களில் அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்றால், வீட்டு வேலையையும் பல சமயம் தையலையுமே அடிமைப் பெண்கள் செய்ததால் வந்தது. மில் துணி மலிந்த பிறகுதான் எல்லார் வீட்டுக்கும் குவில்ட் வந்தது. அந்த வசதியான வீட்டுக் குவில்ட்களில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் போட்ட சீட்டித் துணிக்கு ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. தன் நெசவாளர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று இங்கிலாந்து 1721இல் அங்கே பருத்திச் சீட்டியை உடுத்தத் தடை போட்டது, ஆனால் அதை வெளியே ஏற்றி அனுப்பத் தடை இல்லை. அமெரிக்கக் காலனிகளுக்கு அது தாராளமாக வந்தது. மரமும் பூவும் பறவையும் போட்ட அந்தப் பெரிய விரிப்புகளையும், பின்னால் அதைப் பார்த்து இங்கிலாந்தில் அச்சடித்த துணியையும், பூப்பூவாகக் கத்தரித்து வெள்ளைத் துணிமேல் வைத்துத் தைத்தார்கள். இதை உங்கள் மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

ஏழைகள் தைத்த குவில்ட்டும் உண்டு, அதைப் பார்த்தால் கந்தல் என்ற சொல்லே வாயில் வராது. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவுக்குள் ஒரு சின்னக் கறுப்பர் கிராமம், அந்தப் பெண்கள் வயலில் உடுத்திக் கிழிந்த கால்சட்டையை வெட்டித் தைத்தவை 2002இல் ஹூஸ்டன் மியூசியத்தில் கண்காட்சியாக வந்தன, 2006இல் தபால்தலையாகவே வெளியிட்டார்கள். நம் ஜார்ஜியாவிலேயே ஏதென்ஸ் நகரத்துப் பக்கம் ஹாரியட் பவர்ஸ் என்று ஒருவர் இருந்தார், 1837இல் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளைத் துணியில் உருவங்களாக வெட்டி ஒரு குவில்ட்டில் தைத்து, 1886இல் அங்கே நடந்த பருத்திச் சந்தையில் வைத்தார். ஓர் ஓவிய ஆசிரியை விலை கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்றவர், சில வருடம் கழித்துக் கையில் காசில்லாமல் பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பலமுறை அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை என்று அவர் சொல்ல, ஆசிரியை எழுதிவைத்ததால்தான் இன்று நமக்கு அது புரிகிறது. இப்போது அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

விலை போகுமா என்று கேட்டீர்கள். 1930களில் இவை ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டன, 1933 சிக்காகோ பொருட்காட்சியில் சியர்ஸ் கம்பெனி நடத்திய போட்டிக்கு மட்டும் 24,000க்கு மேல் குவில்ட் வந்து சேர்ந்தது. (முதல் பரிசு 1,000 டாலர், அன்றைக்கு அது பெரிய தொகை. பரிசு வாங்கிய கென்டக்கிப் பெண் அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை, கூலிக்குத் தைத்த பெண்களுக்குப் பரிசில் காலணா போகவில்லை என்பது பின்னால் தெரியவந்தது.) ஆகவே கறையும் கிழிசலும் உள்ள ஒரு வெடிங் ரிங் பெரிய விலைக்குப் போகாது. அது நல்லதுதான். விற்கிற எண்ணமே வராமல் நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம்.

சுத்தம் செய்வதைப் பொறுமையாகச் செய்யுங்கள். முதலில் மடிப்பிலும் ஓரத் தையலிலும் பூச்சி, முட்டை ஏதாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி பற்றி உங்களுக்கு இருக்கிற பயம் நியாயமானது. அப்புறம் மேலே கொசுவலைத் துணி விரித்து, வேக்குவம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசியை எடுங்கள். பல சமயம் இதுவே போதும். துவைத்தே ஆக வேண்டும் என்றால், வெள்ளைத் துணியை நனைத்து ஒவ்வொரு நிறத்தின்மேலும் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்கள், முக்கியமாகச் சிவப்பு, கறுப்பு, பழுப்பு. ஏதாவது ஒன்று ஒட்டினாலும் தண்ணீர் காட்டாதீர்கள். ஒட்டவில்லை, துணியும் இற்றுப்போகவில்லை என்றால் பாத்டப்பில் ஒரு வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் குவில்ட்டை வைத்து, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பு போட்டு ஊறவிடுங்கள். இங்கே குவில்ட்காரர்கள் ஆர்வஸ் என்று ஒன்று வாங்குவார்கள், ஆடுமாடு குளிப்பாட்டவும் அதே சோப்புதான். கசக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, ஈரத்தோடு கொடியில் போடவே கூடாது, தண்ணீர் குடித்த பஞ்சின் கனத்தில் பழைய நூல் பட்டுப்பட்டென்று அறுந்துவிடும். பெட்ஷீட்டோடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்கி, நிழலில் தரையில் ஒரு விரிப்பு போட்டு அதன்மேல் காயவையுங்கள். பழுப்புக் கறை போகாவிட்டால் போகட்டும், பிளீச் பக்கம் போகாதீர்கள். டிரை கிளீனிங்கும் வேண்டாம். ஒருவேளை அதில் பட்டுத் துண்டு ஏதாவது இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாமல் அப்படியே மடித்து வைத்துவிடுங்கள். பழைய பட்டு பலதும் எடை கூட்டுவதற்காக உலோக உப்பு ஏற்றியது, நாளாக நாளாகத் தானாகவே கீறல் கீறலாகப் பிளந்துகொண்டு போகும்.

வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய பருத்தித் தலையணை உறை போதும். கராஜ், மேல்மாடத்துப் பரண் இரண்டும் ஜார்ஜியா வெயிலில் அடுப்பாகிவிடும், படுக்கையறை அலமாரியே நல்லது. மரத்தில் நேராகப் படக் கூடாது, அந்துருண்டை போடக் கூடாது. சில மாதத்துக்கு ஒருமுறை பிரித்து வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மடியுங்கள்.

கணவரைச் சார்ந்து கிடைக்கும் எச்-4 விசாவில் வந்து வீட்டிலேயே இருக்கிறேன், பேச ஆளில்லை என்றும் எழுதியிருந்தீர்களே. உங்கள் கவுண்டியில், நம் மாவட்டம் மாதிரி, குவில்ட் சங்கம் இருக்கும், மாதம் ஒருமுறை நூலகத்திலோ சர்ச் ஹாலிலோ கூடுவார்கள், விருந்தாளியாகப் போய் உட்காரலாம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற பெண்கள், வாய் ஓயாமல் பேசுவார்கள், இந்தக் குவில்ட்டைக் கையில் எடுத்துப் போனால் போதும், நீங்கள் வாயே திறக்க வேண்டாம். நானும் அப்படித்தான் நுழைந்தேன், என் ஊர் கரூர் என்றேன், அந்தப் பெயரைத் தலையணை உறை லேபிளில் படித்திருக்கிறேன் என்றார் ஒருவர். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆர்வத்தில் நீங்கள் தைத்ததைக் காசுக்கு விற்காதீர்கள், வேலை அனுமதி இல்லாமல் அது சிக்கல். மருத்துவமனைக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கும் தைத்துக் கொடுக்கும் வேலை அங்கேயே நிறைய இருக்கிறது. தப்பிவரும் அடிமைகளுக்கு வழிகாட்டக் குவில்ட்டில் ரகசியக் குறி தைத்துத் தொங்கவிட்டார்கள் என்று யாராவது உருகிச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள், ஆதாரம் இல்லை என்று வரலாற்றாளர்கள் பலமுறை சொல்லியாகிவிட்டது.

பதிலுக்கு என்ன கொடுப்பது? பணமோ பட்டுப்புடவையோ வேண்டாம், விலைக்கு விலை என்று ஆகிவிடும். கைப்பட நாலு வரி எழுதிய நன்றி அட்டையும், வீட்டில் செய்த பலகாரம் கொஞ்சமும் போதும், நிலக்கடலை முந்திரி ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அப்படிப் போகும்போது ஒரு சாண் வெள்ளைப் பருத்தித் துணியும், துவைத்தாலும் அழியாத பேனாவும் எடுத்துப் போங்கள். தைத்தவர் பெயர், ஊர், யாருடைய கல்யாணத்துக்கு, எந்த வருடம், எப்படி உங்களிடம் வந்தது என்பதை அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அதை நீங்கள் பின்பக்க மூலையில் சின்னச் சின்னத் தையலாக வைத்துத் தைத்துவிடலாம், அடித்துணியை மட்டும் பிடித்தால் போதும், முன்பக்கம்வரை ஊசி போக வேண்டாம். குவில்ட்டுக்குப் பெயர்ச்சீட்டு வைப்பது இங்கே வழக்கம்தான், கேட்டால் சந்தோஷப்படுவார். அவர் கிளம்புவதற்கு முந்தின வாரம் வீடெல்லாம் அட்டைப்பெட்டியாகிவிடும், நின்று பேச நேரம் இருக்காது, அதனால் இந்தச் சனிக்கிழமையே போய்விடுங்கள்.