ஆங்கிலத்துக்குப் பயந்து இயற்பியலை விட வேண்டாம்

அம்மா, உங்கள் மகன் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூ இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஆங்கில வழியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து ஒன்றரை மாதத்தில் "வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை, பி.ஏ.வுக்கு மாற்றிவிடுங்கள்" என்று அழுகிறான் என எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

அவனுக்கு இயற்பியல் தெரியும். உந்தம் என்றால் உடனே புரிகிறது, மொமெண்டம் என்றால் திகைக்கிறான். இது சீக்கிரம் சரியாகிவிடும். பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்கள் இரண்டு வழியிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பகுதியைத் தமிழில் படித்துவிட்டு, அதையே ஆங்கிலத்தில் படிக்கட்டும். தினம் இரண்டு பக்கம் போதும்.

அவனை உண்மையில் தடுக்கி விழவைப்பவை வேறு சொற்கள். தமிழில் திறன் வேறு, அடுக்கு வேறு. ஆங்கிலத்தில் இயற்பியல் ஆசிரியரும் கணித ஆசிரியரும் இரண்டையும் 'பவர்' என்றே சொல்வார்கள். 'சொல்யூஷன்' வேதியியலில் கரைசல், கணிதத்தில் தீர்வு. 'நார்மல்' என்றால் இயல்பானது என்று நினைத்திருப்பான். ஒளியியல் வகுப்பில் அது பரப்புக்குச் செங்குத்தான கோடு. இவை எளிய சொற்களாகத் தெரிவதால் யாரும் நின்று விளக்குவதில்லை.

அதைவிட முக்கியம், கேள்வியில் வரும் வினைச்சொல். 'ஸ்டேட்' என்றால் விதியைச் சொன்னால் போதும், 'டிரைவ்' என்றால் படிப்படியாக வருவிக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம் எழுதி நேரத்தைத் தொலைத்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடம் தெரிந்தும் அரியர் விழுவது எவ்வளவு கொடுமை! 'ரெஸ்பெக்டிவ்லி' (முறையே), 'நெக்லெக்டிங்' (புறக்கணித்து), 'ப்ரொவைடட் தட்' (என்ற நிபந்தனையில்) போன்றவையும் அப்படித்தான். எல்லாம் சேர்த்து நாற்பது, ஐம்பது சொற்கள் இருக்கும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இவற்றைப் படிக்கட்டும்.

நண்பர்களோடு பாடத்தைத் தமிழிலேயே பேசி விவாதிக்கட்டும், அதில் தவறே இல்லை. விடையை மட்டும் ஆங்கிலத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிப் பழகினால் போதும்.

அரசு வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பட்டம் கேட்கும் பதவி என்றால் பட்டத்தையும் தமிழ் வழியில் முடித்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தகுதியுள்ள பதவி என்றால், ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருந்தால் போதும். பட்டம் கேட்கும் குரூப் 2 தேர்வுதான் அவன் கனவு என்றால், சில அரசுக் கல்லூரிகளில் தமிழ் வழி பி.எஸ்சி. இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள். அப்போதும் இயற்பியல் அவனை விட்டுப் போகாது.

சரி, இந்த வாரமே கல்லூரி நூலகத்திலிருந்து பழைய வினாத்தாள்கள் ஐந்தை நகலெடுத்து வரச் சொல்லுங்கள். புரியாத சொற்களை அடிக்கோடிட்டு, அந்தப் பட்டியலோடு ஆசிரியரை வகுப்பு முடிந்ததும் தனியாகப் பார்க்கட்டும். தமிழிலேயே கேட்கட்டும்.