இன்யூட் குழந்தைகளின் நலனுக்கு எது உதவும்? பிரசவத்திலிருந்து தொடங்கலாம்

கனடாவின் வடக்கே வாழும் பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் குழந்தைகளும் குடும்பங்களும் நலமாக இருக்க உண்மையில் எது உதவுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவ வார்டில் செவிலியராக இருப்பதால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: குழந்தை சொந்த ஊரிலேயே பிறக்க வழி செய்ய வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்து வடகோடியான நுனாவிக்கில் ஊருக்கு ஊர் சாலை கிடையாது. ஒரு காலத்தில் கர்ப்பிணிகளை, தேதிக்குச் சில வாரம் முன்பே விமானத்தில் தெற்கே அனுப்பிவிடுவார்கள். மூத்த பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் பெற்றுக்கொண்டு வர வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் அனுப்பினார்கள். ஆனால் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஊர்ப் பாட்டிகளின் அனுபவம் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றது.

நுனாவிக்கில் ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் புவிர்னிடுக் ஊர்ப் பெண்கள் விடாமல் கேட்டு, 1986இல் அங்கேயே பிரசவ மையம் திறக்க வைத்தார்கள். கியூபெக்கில் மருத்துவச்சிகளுக்குச் சட்ட அங்கீகாரம் வந்ததே 1999இல்தான்! உள்ளூர்ப் பெண்கள் அங்கே வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி பெற்று, தங்கள் மொழியிலேயே பேசிப் பிரசவம் பார்க்கிறார்கள்.

சரி, சிக்கலானால்? அங்கே சிசேரியன் செய்ய வழியில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள மாண்ட்ரியல் நகரம் சுமார் 1,600 கிலோமீட்டர் தெற்கே. பனிப்புயல் அடித்தால் விமானமும் வராது. அதனால் எட்டாம் மாத வாக்கில் மருத்துவச்சிகள், டாக்டர், செவிலியர் எல்லோரும் கூடி, ஒவ்வொரு கர்ப்பிணியின் நிலையையும் அலசி, இங்கேயா தெற்கேயா என்று முடிவு செய்கிறார்கள். 2000 முதல் 2007 வரை அந்தக் கரையோர ஊர்ப் பெண்களின் பிரசவங்களில் 86 சதவீதம் நுனாவிக்கிலேயே நடந்தன. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

பிறந்த பிறகு வீடு வேண்டும், சாப்பாடு வேண்டும். 2021 கணக்கெடுப்பின்படி கனடாவின் வடக்கே உள்ள இன்யூட் தாயகத்தில் வாழும் இன்யூட் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இடநெருக்கடியான வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே அறையில் பலர் படுத்தால் காசநோய் சுலபமாகப் பரவும். மாத்திரை மட்டும் கொடுத்து அதை ஒழிக்க முடியாது. கடைச் சாமான் விமானத்தில் வருவதால் விலை கட்டுப்படியாகாது. கடல்நாய் (சீல்), கரிபு மான், ஆர்க்டிக் மீன் என்று அவர்கள் வேட்டையாடிப் பகிர்ந்து உண்பதுதான் பிள்ளைகளுக்குச் சத்தான உணவு. வேட்டைக்குப் போகிறவருக்கு எரிபொருள் செலவைக் கொடுப்பதும் குழந்தை நலத் திட்டம்தான்.

இன்யூட் மக்கள் வாழும் இன்னொரு பகுதியான, கனடாவின் நுனாவுட் பிரதேசத்தின் பெரும்பாலான ஊர்களில் பிரசவத்துக்கு இன்றும் விமானம் ஏறத்தான் வேண்டியிருக்கிறது. அந்த டிக்கெட் செலவில் ஒரு பங்கையாவது உள்ளூர்ப் பெண்களுக்குச் சம்பளத்தோடு மருத்துவச்சிப் பயிற்சி கொடுக்க ஒதுக்க வேண்டும் என்பேன்.