வசந்த காலத்தில் உடலையும் வீட்டையும் இயற்கை முறையில் புதுப்பிக்க என்ன செய்யலாம்? டீடாக்ஸ் பானம் ஏதாவது உதவுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: உதவாது. கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, பங்குனி பிறக்கட்டும் என்று அவை வேலையைத் தள்ளிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை. மூன்று வருடத்துக்கு முன் நானும் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, வெள்ளரிக்காய், எலுமிச்சை, புதினா எல்லாம் வெட்டிப் போட்ட தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் காலை பஸ் ஸ்டாப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன், பக்கத்து டீக்கடைக்காரர் கொடுத்த டீயும் பன்னும்தான் என்னை எழுப்பி ஆபீசுக்கு அனுப்பின. அந்தத் தண்ணீர் ருசியாகத்தான் இருக்கும், தாகத்துக்குக் குடியுங்கள், அதோடு சரி.

அப்புறம் இந்த 'வசந்த காலம்' என்ற சொல். இணையத்தில் வசந்தகாலச் சுத்தம் என்று வருவதில் முக்கால்வாசி குளிர்நாட்டுக்காரர்களின் சங்கதி. மாதக்கணக்கில் ஜன்னலைச் சாத்தி, ஹீட்டர் போட்டு, கம்பளிக்குள் கிடந்தவர்கள் பனி உருகியதும் வீட்டைத் திறந்துபோட்டுத் துடைக்கிறார்கள், நியாயம்தான். நமக்கு ஒட்டடை அடிப்பது, வெள்ளையடிப்பது, பழசைக் கழிப்பது எல்லாம் போகியோடு முடிந்துவிடும். நம் கணக்கில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும், மே மாதத்து அக்னி நட்சத்திரமே அதற்குள்தான் வருகிறது! அதனால் எங்கள் வீட்டில் பங்குனி முழுக்க நடப்பது வெயிலுக்கான முன்னேற்பாடு. அதைத்தான் எழுதப் போகிறேன், உங்களுக்கு எது ஒத்துவருமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது மதுரையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே ஒரு வாடகை வீட்டில். அம்மா ராஜபாளையம் பக்கம். வருடா வருடம் பங்குனியில் பத்து நாள் வந்து இருந்து என் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டுப் போவார்.

அம்மாவுக்கு வேலை அடுக்களையிலிருந்துதான் ஆரம்பம். மாசி, பங்குனியில் புதுப் புளி வந்துவிடும், ராமநாதபுரம் குண்டு மிளகாயும் அந்தச் சமயம்தான் வரும், ஆக வருடச் சாமான் வாங்கும் காலம் அது. புதுசு வர வேண்டுமென்றால் பழசு காலியாக வேண்டும் இல்லையா, அதற்காக ஒவ்வொரு டப்பாவையும் இறக்கி, கழுவி, மாடியில் கவிழ்த்துவிடுவார். எந்த டப்பாவில் எத்தனை வருடத்துக் கடலைமாவு கிடந்தது என்பது அன்றைக்குத் தெரியும், நான் எதுவும் பேசாமல் நிற்பேன். பருப்பு, உளுந்தெல்லாம் பழைய வேட்டியில் பரப்பி வெயிலில் காயும், வண்டு ஓடிவிடும். அரிசியை மட்டும் உச்சி வெயிலில் போடக் கூடாது, வெடித்து நொய்யாகிவிடும், நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஆறிய பிறகு நாலு வற்றல் மிளகாயோ காய்ந்த வேப்பிலையோ போட்டு மூடிவைப்போம். புளியைக் கொட்டை நீக்கி, கல் உப்பு தூவி, பீங்கான் சாடியில் அழுத்தி வைக்க வேண்டும். ஒரு வருடம் சோம்பேறித்தனமாக அலுமினிய டப்பாவில் வைத்தேன், புளிப்பு டப்பாவை அரித்து உள்ளே பொட்டுப் பொட்டாகிவிட்டது, அவ்வளவையும் குப்பையில் கொட்டினோம். கூழ் வடகம், மோர் மிளகாய் போடுவதெல்லாம் இதே பத்து நாளில். எங்கள் ஊர்ப்பக்கம் மேகாற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, கிளம்பிவிட்டால் வடகத்தில் பாதி மண்தான் இருக்கும்.

மெத்தை, தலையணை அடுத்து. உங்களிடம் இலவம் பஞ்சு மெத்தை இருந்தால் இரண்டு நாள், இரண்டு பக்கமும் வெயிலில் போட்டு, சாயங்காலம் குச்சியால் தட்டுங்கள். ஈரம் போய்ப் பஞ்சு எழும்பி வரும். இலவங்காய் வெடிப்பதும் இதே பருவம்தான், போடி பக்கத்திலிருந்து பஞ்சு வரும், தலையணை அமுங்கிப்போயிருந்தால் இப்போது கொடுத்து அடைத்துக்கொள்ளலாம். நுரை மெத்தையை மட்டும் அப்படி நாள் முழுக்க வெயிலில் காயப்போடாதீர்கள், நுரை மஞ்சளாகிப் பொடிந்துபோகும், காற்றோட்டமான நிழலே போதும்.

இனி அந்த 'இயற்கை க்ளீனர்' விஷயத்துக்கு வருகிறேன், இதில் நான் கையைச் சுட்டுக்கொண்டவன். எங்கள் அடுப்படி மேடை கறுப்புக் கடப்பாக் கல். கெமிக்கல் வேண்டாம் என்று ஒரு நல்லெண்ணத்தில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து அரைமணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தேன். துடைத்துப் பார்த்தால் சாறு பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரி. அழுக்கு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பிழிந்தேன், அது பெரிதானது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "புளி, எலுமிச்சையெல்லாம் பித்தளைக்குடா, கல்லுக்கில்ல" என்றார். காரணம் அப்புறம்தான் புரிந்தது. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு பட்டால் கரையும். கோட்டா கல், மார்பிள், மொசைக், ஆத்தங்குடி டைல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான், வினிகரும் அப்படித்தான். கிரானைட் தாங்கும். வீட்டுக்காரர் இன்னும் அந்த மேடையைப் பார்க்கவில்லை, காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பார் என்று நினைக்கிறேன்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், கல்லைக் கெடுத்த அதே குணம்தான் குழாயில் படியும் உப்புக்கறையை எடுக்கிறது. போர் தண்ணீர் விட்டுவிட்டுப் போகும் அந்த வெள்ளைக் கறையும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டி அரைமணி கழித்துத் தேய்த்தால் உதிர்ந்து வரும். சோப்பும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். ஆப்ப சோடாவையும் வினிகரையும் கலந்தால் பொங்குகிறதே, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிச்சம் கிட்டத்தட்ட உப்புத்தண்ணீர்தான், தனித்தனியாகப் பயன்படுத்தினால்தான் வேலைக்கு ஆகும். இன்னொன்று, விளையாட்டில்லை: ப்ளீச்சிங் பவுடரோடு வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. பட்டு, பருத்திச் சேலைகளுக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் நன்றாக இருக்கிறது, தரை துடைக்கவும் கொஞ்சம் ஊற்றலாம்.

சாம்பிராணி பற்றி ஒரு வார்த்தை. வாசனை எனக்கும் பிடிக்கும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடுவோம். ஆனால் புகை காற்றைச் சுத்தம் செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், புகை புகைதான். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைப்பதே பெரிய உபகாரம்.

மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது நான் செய்ததிலேயே அதிகம் பலன் தந்த வேலை. கல் சுண்ணாம்பை வாங்கித் தண்ணீரில் போட்டால் அது கொதிக்கும், நிஜமாகவே கொப்பளித்துக் கொதிக்கும், அதனால் பிளாஸ்டிக் வாளியில் போடாதீர்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் நீர்த்துக் கிடக்கட்டும். வடிகட்டி, கொஞ்சம் பெவிகால் கலந்து, பெருக்கிக் கழுவிய தளத்தில் வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு கோட். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தால் மேலேயிருந்து அடுப்பு மாதிரி இறங்கும் அந்த அனல் நன்றாகவே குறைந்தது. மழைக்காலத்தில் கரைந்து மங்கிப்போகும், அடுத்த பங்குனிக்கு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

பானையும் அப்போதே வாங்கிவிடுவோம். புதுப் பானையை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மண்வாசம் போகக் கழுவ வேண்டும், சோப்பு போட்டால் மண் அதை உறிஞ்சிக்கொண்டு வாரக்கணக்கில் சோப்பு ருசி வரும். அடியில் ஈர மணல். சில்லிடுவது பானையின் மேல் கசியும் நீர் ஆவியாவதால்தான், ஆகவே காற்று படும் இடத்தில் வையுங்கள், மூலையில் வைத்தால் சும்மா பானைதான். எங்கள் ஊர் வறண்ட காற்றுக்கு நன்றாகக் குளிரும், சென்னையில் இருக்கும் தங்கை வீட்டில் கடல் காற்றின் ஈரத்துக்கு அவ்வளவாகக் குளிர்வதில்லை, பானைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவள் புலம்புவாள். வெட்டிவேரைக் கழுவித் துணியில் முடிந்து போட்டால் வாசமாக இருக்கும், மூன்று நாளைக்கு ஒருமுறை எடுத்து வெயிலில் காயவைத்தால் திரும்பப் போடலாம்.

சரி, உடம்பு. என் சிறுவயதில் பள்ளி விட்டதும் முதல் ஞாயிறு விளக்கெண்ணெய் நாள். காபியில் கலந்து மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவார்கள், அன்று முழுக்கக் கொல்லைப்பக்கமும் திண்ணையுமாக அலைந்து, மத்தியானம் ரசஞ்சோறு. வயிற்றில் பூச்சி இருக்கும் என்ற நினைப்பில் கொடுத்தது அது. இப்போது பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியிலேயும் அங்கன்வாடியிலேயும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள், அது போதும். குடலைக் கழுவுகிறேன் என்று வெயில் காலத்தில் பேதி மருந்து குடித்து உடம்பின் நீரை இழப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எண்ணெய்க் குளியலை நான் விடவில்லை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று அம்மா சொல்லிக்கொண்டே நல்லெண்ணெயில் நாலு மிளகு போட்டுக் காய்ச்சுவார். உடம்பிலிருந்து எதையோ உறிஞ்சி எடுக்கும் என்றெல்லாம் நான் நம்பவில்லை, ஆனால் அன்றைக்கு வரும் தூக்கம் வேறு எதிலும் வருவதில்லை. அரப்பையும் வடிகஞ்சியையும் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் பிசுபிசுப்பில்லாமல் போகும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: அரப்பும் எண்ணெயும் சேர்ந்து பாத்ரூம் ஜாலியை அடைக்கும், கொதிநீர் ஊற்றிவிடுங்கள். தரை வழுக்கும், பெரியவர்கள் குளித்தால் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

குடிக்க நீர்மோர், பானகம், நன்னாரி, கிடைத்தால் பதநீர், நுங்கு. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். பதநீர் மட்டும் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் புளித்துக் கள்ளாகும்.

வேப்பம்பூவைக் கடைசிக்கு வைத்திருந்தேன், எனக்கு இந்தப் பருவம் என்றால் அதுதான். பங்குனிப் பாதியில் மரம் பூத்துவிடும், தெரு முனையிலேயே தேன் மாதிரி ஒரு வாசம் வரும், கசப்பு மரத்துக்கு அப்படியொரு வாசம். ராத்திரி மரத்தடியைப் பெருக்கி, பழைய வேட்டி இரண்டை விரித்துவிட்டு, விடியற்காலை மூட்டையாக அள்ளிக்கொண்டு வந்துவிடுவோம். காம்பு, சருகு புடைத்து, இரண்டு மூன்று நாள் காயவைத்தால் அள்ளிவந்த குவியல் ஒரு பாட்டிலுக்குள் அடங்கிவிடும். ஏப்ரல் 14 சித்திரை முதல் நாள் மாங்காயும் வெல்லமும் போட்ட பச்சடிக்குக் கொஞ்சம் புதுப் பூ. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர்கள் உகாதிக்கே இதே பூவில் பச்சடி செய்து ஒரு கிண்ணம் கொடுத்துவிடுவார்கள், ஆக எங்களுக்கு இரண்டு முறை. மிச்சம் எல்லாம் ரசத்துக்கு. நெய்யில் பூ கருஞ்சிவப்பாகும் வரை வறுத்து, அடுப்பிலிருந்து இறக்கிய புளி ரசத்தில் கொட்டி மூடிவிட வேண்டும், முன்கூட்டிப் போட்டால் கசப்பு இறங்கி ரசம் கெட்டுவிடும். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் என்று அம்மா சொல்வார், எனக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலில் சோறே இறங்காத நாளில் இந்த ரசம் இருந்தால் இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிடுகிறேன் என்பதுதான். பூ நல்லதென்றால் எண்ணெய் இன்னும் நல்லது என்று நினைத்து வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்குப் புகட்டிவிடாதீர்கள், மூளையைப் பாதிக்கும் அளவுக்கு நஞ்சாகியிருக்கிறது.

எங்கள் தெரு மரத்தில் இப்போதுதான் மொட்டு வைத்திருக்கிறது. அதன் அடியில் யாரோ புதிதாகக் காரை நிறுத்தத் தொடங்கியிருக்கிறார்கள், பூ விழும் வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.