வயரிங் வகுப்பில் கேலிப் பேச்சு: பயிற்றுநருக்கு ஒரு பதில்

மாலை நேர வயரிங் வகுப்பில் இரண்டே பெண்கள், கேலி தாங்காமல் ஒருவர் நின்றுவிடப் பார்க்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள்.

செய்முறையின்போது டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் யார் கையில் இருக்கின்றன என்று பாருங்கள். பல இடங்களில் ஆண்கள் வயர் இழுப்பார்கள். "அக்கா, நீங்கள் ரெக்கார்டு நோட்டு எழுதுங்கள்" என்பார்கள். கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். தேர்வில் அவர் கை தடுமாறும்போது அதுவே அடுத்த கேலிக்குக் காரணமாகிவிடும்.

மாணவர்களை ஜோடிகளாக நீங்களே பிரித்துவிடுங்கள். இணைப்பு கொடுப்பவரும் சோதிப்பவரும் தினமும் மாறட்டும். மின்சாரம் விடுமுன் கூட்டாளி சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வையுங்கள். தன் உயிர் யார் கண்ணை நம்பி இருக்கிறது என்று தெரிந்தால் வாய்க்கொழுப்பு பெரும்பாலும் அடங்கும்.

கேலியை அந்த இடத்திலேயே, இரண்டு வார்த்தையில் நிறுத்துங்கள். அந்தப் பெண்ணைத் தனியே அழைத்து "கண்டுகொள்ளாதீர்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்; பாரம் மறுபடி அவர் தலையில்தான் விழும்.

பேச்சு உடலைப் பற்றியோ, கைபேசிச் செய்தியாகவோ போனால் அது கேலி அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்பயிற்சி நிறுவனங்களுக்கும் பொருந்தும். சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். நிறுவனத்தில் பத்துப் பேருக்கும் குறைவான ஊழியர்கள் என்றால் இத்தகைய புகார்களை விசாரிக்கும் மாவட்ட உள்ளூர் குழுவிடம் கொடுக்கலாம்.

கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வகுப்பு கடைசி பஸ்ஸுக்கு முன் முடிகிறதா என்பதையும் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள்.