மகள் குறித்து வைக்கும் நோட்டு

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு ஃபெரெட்டுகள் (கீரி போன்ற சிறிய செல்லப்பிராணிகள்) இருந்தன. ஒன்று லிம்போமா என்னும் புற்றுநோயால் இறந்துவிட்டது. இரண்டாவதற்குக் கணையத்தில் இன்சுலினோமா என்னும் கட்டி, மூன்றாவதற்கு அட்ரினல் சுரப்பியில் கட்டி. இது தொற்றுமா? என்னால் அவை படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. இரவு மருந்தையும் உணவையும் பதினோரு வயது மகள் அலாரம் வைத்து எழுந்து கொடுத்துவிடுகிறாள். நான்காவது நலம்தான், சில மாலைகளில் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மட்டும் நோட்டில் எழுதியிருக்கிறாள். மனத்தை எப்படித் தேற்றிக்கொள்வது?

பதில்: இன்சுலினோமாவும் அட்ரினல் கட்டியும் தொற்றுவன அல்ல. மூன்று வயதைத் தாண்டிய ஃபெரெட்டுகளுக்கு இவை அடிக்கடி வருவதால், ஏறக்குறைய ஒரே வயதில் பலவற்றை வளர்க்கும் வீட்டில் அடுத்தடுத்துத் தலைகாட்டுவதில் வியப்பில்லை. லிம்போமா சில இடங்களில் கூட்டாக வந்திருப்பதால் வைரஸ் காரணமோ என்ற ஐயம் உண்டு, அது நிரூபிக்கப்படவில்லை.

உங்கள் கடிதத்தில் ஓரிரு வரிகளுக்குள் ஒதுங்கி நிற்கும் அந்தக் குழந்தைக்கு இப்போது வருகிறேன். பார்க்க முடியவில்லை என்று நீங்கள் விலகிக்கொண்டீர்கள்; விலகிக்கொள்ள அவளுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? இன்சுலினோமா, இன்சுலினை ஓயாமல் சுரந்து இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும் கட்டி. எச்சில் வடியும், முன்னங்காலால் வாயைப் பிராண்டும், பின்னங்கால்கள் துவளும், முற்றினால் வலிப்பு வரும். அப்படியொரு வலிப்பு நள்ளிரவில் அவள் மடியில் வந்தால், தான் பத்து நிமிடம் தாமதமாக எழுந்ததால்தான் அது செத்தது என்று அவள் முடிவுகட்டிவிடுவாள். பிறகு நீங்கள் எத்தனை முறை மறுத்தாலும் நம்பமாட்டாள். ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டுவந்த பெரியவர்கள்தாம் அதன் கடைசி மூச்சுவரை கூட நிற்கக் கடமைப்பட்டவர்கள். (உங்கள் கணவர் வீட்டில் இருக்கிறாரா என்பதே கடிதத்தில் தெரியவில்லை, இருந்தால் அவரும் முறைபோட்டு எழட்டும்.) வலிப்பின்போது வாய்க்குள் விரலை விடாமல், ஈறின் ஓரத்தில் சிறிது தேன் தடவ வேண்டும், தெளிந்தபின் இறைச்சி உணவு கொடுத்து, உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இதைக் கற்க வேண்டியவர் நீங்கள்.

அந்த நோட்டை ஒழுங்காகப் படித்தீர்களா? சுவரை வெறித்துப் பார்ப்பதும் சர்க்கரை இறங்குவதன் அடையாளமாக இருக்கக்கூடும். நலம் என்று நீங்கள் ஒதுக்கிவைத்ததன் நோயை உங்கள் மகள் ஒருவேளை உங்களுக்கு முன்பே கண்டுவிட்டாள். மருத்துவர் சொல்லும் சில மணி நேரம் மட்டும் உணவை நிறுத்தி, இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் சந்தேகம் வலுக்கும். இரண்டாவதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை நீங்களாகவே இதற்கும் புகட்டிவிடாதீர்கள். உள்ளே லிம்போமா இருந்தால், ஸ்டீராய்டு அதைக் கண்டுபிடிப்பதையும் குழப்பும், பின்னால் வேதி சிகிச்சையின் பலனையும் குறைக்கும்.

மகளை விலக்கிவிடவும் வேண்டாம். உண்மையைச் சொல்லுங்கள், பகலில் அவள் அவற்றோடு விளையாடட்டும், வேண்டுமானால் நோட்டையும் எழுதட்டும். மனத்தைத் தேற்றுவது பற்றி, நான்கு வாரம் இரவில் நீங்களே எழுந்து பார்த்த பிறகு எனக்கு எழுதுங்கள். இன்றிரவு அந்த அலாரம் உங்கள் தலைமாட்டில் இருக்கட்டும்.