அந்த முகத்துக்கு ஒரு குரல் இருந்தது

அன்புள்ள ஐயா,

இத்தாலிய ஓவியர் பியரோ ஃபோர்னசெட்டியின் பீங்கான் தட்டுகளை அண்மையில் படங்களில் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பெண்முகம். ஒன்றில் கண்ணடிக்கிறாள், ஒன்றில் பலூனாகிப் பறக்கிறாள், ஒன்றில் மீசை வைத்திருக்கிறாள். ஆண்மனத்தின் ஆழத்தில் இருக்கும் எட்டாத பெண்மையின் குறியீடு என்று இவளைக் கொள்ளலாமா? ஃபோர்னசெட்டியை சர்ரியலிஸ்ட், அதாவது கனவுபோன்ற விசித்திரங்களை வரைபவர், என்று சொல்லலாமா? அவள் யார் என்பது முக்கியமில்லை என்று நினைக்கிறேன். சரியா?

கார்த்திகா

அன்புள்ள கார்த்திகா,

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, கல்லூரியில் நான் வரைந்த பென்சில் ஓவியம் ஒன்று அகப்பட்டது. ஒரு பெண்ணின் முகம். அதை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாளில்தான் உங்கள் கடிதம் வந்தது.

சர்ரியலிஸ்டா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள். கீழ்ப்படியவில்லை என்று 1932ல் மிலானின் பிரேரா கலைக்கல்லூரி வெளியே அனுப்பிய மனிதர் அவர். எந்தப் பெட்டியில் போட்டாலும் அடங்கமாட்டார். குறியீடு என்ற சொல்லையும் கொஞ்சநாள் தொடாதீர்கள். அந்தத் தட்டைக் கிட்டத்தில் பாருங்கள். கன்னத்தின் நிழல் பூச்சு அல்ல. பழைய செதுக்குப் படங்களில் வருவதுபோல மெல்லிய கோடுகள் நெருங்கி நெருங்கி உண்டானது. தலை பலூனாகிறது, மீசை முளைக்கிறது, ஆனால் அந்தக் கண்கள் மட்டும் கலங்குவதில்லை. இதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே ‘ஆண்மனத்தின் ஆழம்’ என்று எழுதிவிட்டீர்கள். இது சோம்பேறித்தனம் அம்மா.

உங்கள் கடைசி வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் யார் என்பது முக்கியமில்லையா?

அவர் பெயர் லீனா கவாலியெரி. 1874ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதை ஒட்டி அப்பா அம்மா இருவரையும் இழந்து, கன்னிமாடத்து அனாதை விடுதியில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து தப்பி ஒரு நாடகக் குழுவோடு போனவர். கேளிக்கை விடுதிகளில் பாடிப் பிழைத்து, பாரிஸின் புகழ்பெற்ற கேளிக்கை அரங்கமான ஃபோலீ பெர்ஜேர் வரை வந்தார். அதற்குப் பிறகு முறையாகக் குரல்பயிற்சி எடுத்து 1900ல் லிஸ்பனில் ஓபெரா என்னும் இசைநாடக மேடை ஏறினார். 1906ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபெரா அரங்கில் ‘ஃபெடோரா’ என்ற ஓபெராவைப் பாடும்போது, உடன் பாடிய புகழ்பெற்ற பாடகர் என்ரிகோ கருசோவை மேடையிலேயே முத்தமிட்டு ஊரையே பேசவைத்தார். 1944 பிப்ரவரியில் ஃபிளாரன்ஸில் விழுந்த குண்டுகளில் இறந்துபோனார். வயது 69.

அதற்குப் பத்தாண்டுகூட ஆகவில்லை. பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் கண்ட அவர் முகத்தை ஃபோர்னசெட்டி வரையத் தொடங்கினார். 1988ல் இறக்கும் வரை விடவில்லை. 350க்கும் மேலான மாறுபாடுகள். ஏவாளின் உடலைப் பன்னிரண்டு துண்டாக்கிப் பன்னிரண்டு தட்டில் வைத்தவரும் அவர்தான். அதைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். இந்த முகத்தின் விஷயத்தில் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. உயிரோடு இருந்தபோது ‘உலகத்திலேயே அழகான பெண்’ என்று அஞ்சலட்டைகளில் விற்கப்பட்டவர் லீனா. அந்த அட்டைகளில் அவர் கண்ணடிக்க முடியாது. ஃபோர்னசெட்டி அந்தக் குறும்பையாவது திருப்பிக் கொடுத்தார். அவரால் கொடுக்க முடியாதது குரல். பாடிச் சம்பாதித்த ஒரு பெண், தட்டில் வாய் மூடி இருக்கிறார். பார்க்கிற நாமும் பெயர் வேண்டாம் என்றால் அவருக்கு என்னதான் மிஞ்சும்?

இதை உங்களைத் திட்டுவதற்காக மட்டும் சொல்லவில்லை. பரணில் கிடைத்த ஓவியத்துக்கு வருகிறேன். இரண்டாம் ஆண்டில் எங்கள் வகுப்புக்கு மாடலாக ஒரு அம்மா வருவார். காலை பத்திலிருந்து ஒரு மணி வரை ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருப்பார். முதுகு வலித்தால்கூடச் சொல்லமாட்டார், கால்விரலை மட்டும் மடக்கி மடக்கி நீட்டுவார். ‘நகை வெறும் விவரம், உருவத்தைப் பார்’ என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்திருந்தார். நாங்களும் நெற்றி, தாடை, கழுத்தின் நிழல் என்று ஒரு பருவம் முழுக்க அவரை வரைந்து தள்ளினோம். கடைசி நாள் ஒவ்வொரு பலகையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் பக்கத்தில் நின்றார்.

“நல்லாருக்கு தம்பி. மூக்குத்தி எங்க?”

திரும்பிப் பார்த்தேன். இடது மூக்கில் சின்னதாக ஒரு சிவப்புக்கல். பத்தொன்பது பேர் வரைந்ததில் ஒருவர் படத்திலும் அது இல்லை. “எங்கம்மா போட்டு விட்டது” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, தகவல்போலச் சொன்னார். அவர் நிற்கும்போதே பென்சிலை அழுத்தி ஒரு புள்ளி வைத்தேன். தாளின் பின்பக்கம் தடவினால் அந்த இடம் இன்னும் புடைத்திருக்கிறது. பின்பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன், வகுப்பு எழுதியிருக்கிறேன், என் பெயர் எழுதியிருக்கிறேன். அவர் பெயரைக் கேட்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கேட்க யாரும் இல்லை.

லீனா விஷயத்தில் உங்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. அவர் பாடிய இசைத்தட்டுகள் சில இணையத்திலேயே இருக்கின்றன. இரைச்சல் அதிகம், காதுக்குப் பழகக் கொஞ்சம் நேரமாகும். இன்று இரவு ஒன்றையாவது கேளுங்கள். கேட்டுவிட்டு அந்தக் கண்ணடிக்கும் தட்டை மறுபடி பாருங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.