மூணாவது பின் எங்கே போச்சு? கரண்ட் மெஷின் கேள்வி பதில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருபது வருஷத்துக்கும் மேலாக டிரில்லிங் மெஷின், கிரைண்டர், மார்பிள் கட்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கிறேன். ஷாக் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன், சில பதில்கள் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பண்ருட்டியிலிருந்து ஒரு ஆசாரி: அப்பா காலத்து இரும்பு பாடி டிரில்லிங் மெஷின். பிடித்தால் ஜிவ்வென்று இழுக்கிறது, செருப்பு போட்டால் தெரிவதில்லை. ஓட்டலாமா?

வேண்டாம் அண்ணே. முதலில் டாப்பை, அதாவது சாக்கெட்டில் சொருகும் பிளக்கைப் பாருங்கள், மூணாவது பின் இருக்கிறதா? ஷாக் என்று என் கடைக்கு வரும் இரும்பு மெஷின்களில் பெரும்பாலும் அது இருக்காது. வீட்டில் டூ பின் சாக்கெட், நுழையவில்லை என்று ஹாக்ஸா பிளேடால் அறுத்திருப்பார்கள். அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது சும்மா இல்லை, சொருகும்போது மண்ணுக்குப் போகும் எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில்தான் விட வேண்டும். உள்ளே கரண்ட் பாடிக்குக் கசிந்தால் எர்த் வழியாகப் போய்விடும். பின்னை அறுத்த பிறகு அதற்கு வழி நீங்கள்தான். செருப்பு போட்டதும் தெரியவில்லை என்பதால் கசிவு நின்றுபோனதாக நினைக்காதீர்கள், மழையில் செருப்பு நனையும் அன்றைக்குத் தெரியும். த்ரீ பின் டாப் மாட்டி, எர்த் வயர் பாடிவரை போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ் பக்கத்தில் படிந்த கரித்தூளால் கூடக் கசியும், சுத்தம் செய்து மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தால் வைண்டிங், அதாவது மோட்டாரின் கம்பிச் சுருள் தேறுமா தேறாதா என்று தெரிந்துவிடும்.

முதலியார்பேட்டை தம்பி: நான் வாங்கிய புது மெஷினுக்கு ரெண்டு பின்தான் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தம்பி. பேர் ஒட்டியிருக்கும் தகட்டில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கும், பாருங்கள். அது டபுள் இன்சுலேஷன், அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் பாடி வெடித்ததை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டினால் அந்தச் சதுரத்துக்கு அர்த்தமில்லை.

தேவனாம்பட்டினத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவர்: எலெக்ட்ரீஷியன் பேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) எர்த்துக்கும் நடுவே நூறு வாட் பல்பு போட்டுக் காட்டினார், பளிச்சென்று எரிந்தது, எர்த் பிரமாதம் என்றார். அப்படியும் கட்டிங் மெஷின் ஸ்டாண்டில் ஷாக் அடிக்கிறது.

இந்தப் பல்பு வித்தையை நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். நூறு வாட் பல்பு இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு. உங்கள் எர்த் 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது மோசமான எர்த், ஆனாலும் பல்புக்கு 210 வோல்ட் கிடைக்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இப்போது மெஷினில் பேஸ் வயர் உரிந்து பாடியைத் தொடுகிறது. 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) அதற்கு அசையாது, ஸ்டாண்டில் கிட்டத்தட்ட முழு கரண்டும் நிற்கும். பல்பு எரிந்தால் எர்த் வயர் அறுந்துபோகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். கடலோரத்தில் உப்புக்காற்று கிளாம்பையும் போல்ட்டையும் தின்றுவிடும், கோடையில் மேல்மணலும் காய்ந்து கிடக்கும். எர்த் குழி மூடியைத் திறந்து கிளாம்பைத் தொட்டுப் பாருங்கள், கையோடு பொரிப்பொரியாக வந்தால் மாற்ற வேண்டியதுதான். எர்த் டெஸ்டர் உள்ள ஆளை வைத்து அளக்கவும் சொல்லுங்கள்.

வில்லியனூர் டைல்ஸ் மேஸ்திரி: மார்பிள் கட்டரைப் போட்டாலே ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழுகிறது. வேலை கெடுகிறது, அதைத் தவிர்த்து டைரக்ட் லைன் எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது மேஸ்திரி. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.தான். வீட்டுக்குப் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டாலே விழுந்துவிடும். பத்து மில்லி ஆம்பியர் சுமாருக்கே பிடித்த கை விடாது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சைட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: மூடியில் ஓட்டை போட்ட பெப்சி பாட்டிலில் ஒரு பையன் தண்ணீர் ஊற்றுவான், அது பிளேடு மேல் விழுகிற நேரத்தில் பாதித் தண்ணீர் மெஷினின் காற்று ஓட்டையில் இறங்கும், மீதி வயர் வழியாகவே ஓடி ஜங்ஷன் பாக்ஸுக்குப் போகும். பாக்ஸை உயரத்தில் மாட்டி, வயரைக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வேறு மெஷின் போட்டுப் பாருங்கள், அது ஓடினால் கோளாறு கட்டரில். அதற்கும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் வயர்) எர்த்தும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் பட்டன் இருக்கிறதே, மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அதே ஊர், வேறொருவர்: டாப் இல்லாதபோது வயரைச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்கினால்?

டாப் என்ன விலை, தீப்பெட்டி என்ன விலை என்று கணக்குப் போடுகிறீர்களா? வேண்டாம்.

கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் போட் வேலை செய்பவர்: 40 மீட்டர் வயர் ரீலில் 14 இஞ்ச் கட்டிங் மெஷின் போட்டால் இழுவை குறைகிறது, ரீல் சுடுகிறது.

மெஷின் 2000 வாட் என்றால் 9 ஆம்பியர் இழுக்கும். நீங்கள் வைத்திருப்பது 0.75 ஸ்கொயர் எம்.எம். வயராக இருந்தால் போக வர 80 மீட்டருக்கு 2 ஓம், அதாவது 18 வோல்ட் வயரிலேயே போய்விடும், 160 வாட் சூடு ரீலுக்குள். சுற்றி வைத்த சுருளில் அந்தச் சூடு வெளியே போகாது, இன்சுலேஷன் உருகி ஒன்றோடொன்று ஒட்டும். முழுவதும் பிரித்துப் போடுங்கள், 2.5 ஸ்கொயர் எம்.எம். வாங்குங்கள். ஜாயின்ட்டை ஈர மணலில் விடாமல் ஒரு கட்டை மேல் வையுங்கள்.

லாஸ்பேட்டை அக்கா: கர்ட்டன் ராடு மாட்டச் சுவரில் ஓட்டை போடப் பயமாக இருக்கிறது.

சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டில் போடாதீர்கள் அக்கா, வயர் பைப் அந்த வழியில்தான் போயிருக்கும். சந்தேகம் இருந்தால் அந்த அறை எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வேறு அறையிலிருந்து லைன் எடுங்கள். பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடியுங்கள், பிட்டைக் கவ்வும் சக் இரும்பு.

கடலூர், பெயர் வேண்டாம் என்றவர்: 2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் மூழ்கிய கிரைண்டரை வெயிலில் காயவைத்துப் பரணில் வைத்தேன். இப்போது போடலாமா?

தென்பெண்ணைத் தண்ணீர் காய்ந்தாலும் சேறு உள்ளேதான் இருக்கும், மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும். போட்டுப் பார்க்காமல் அப்படியே கடைக்கு எடுத்துப் போங்கள், பிரித்துக் கழுவி, காயவைத்து, மெக்கர் பார்த்து, பேரிங் மாற்றிய பிறகு சொல்லலாம். வயரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

நெல்லிக்குப்பம் சூபர்வைசர்: கூட வேலை செய்பவருக்கு ஷாக் அடித்து மெஷினோடு ஒட்டிக்கொண்டால்?

தொடாதீர்கள். டாப்பைப் பிடுங்குங்கள் அல்லது மெயினை இறக்குங்கள், இரண்டும் எட்டாவிட்டால் உலர்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். மூச்சு இல்லை என்றால் 108க்கு ஒருவர் போன் செய்யட்டும், இன்னொருவர் நெஞ்சு நடுவில் நிமிஷத்துக்கு நூறு, நூற்றிருபது தடவை அழுத்தட்டும், ஆம்புலன்ஸ் வரும்வரை விடக்கூடாது. அவரே எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, ஒரு டீ சொல்லுங்கள் என்றாலும் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்த பிறகு டீ வாங்கிக் கொடுங்கள்.